பிடுங்கிப் பார்க்காத ஒயர்

பெங்களூரில் வேலை பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இந்தப் பக்கம் ஆறு ஒயர், அந்தப் பக்கம் ஆறு ஒயர். புது மாடல் த்ராட்டில் பாடியைப் பழைய கம்ப்யூட்டர் வண்டியில் மாட்ட இது ஒன்றே போதும், எச்சரிக்கை விளக்கு எரியவே எரியாது என்று விற்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். “ஏகாம்பரம் அண்ணா, நீங்க இதெல்லாம் கையாலயே செஞ்சவராச்சே, வாங்கலாமா?” என்று தம்பி கேட்டிருந்தார். குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. ‘எரியவே எரியாது’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரியில் சொல்கிற பதில் என்னிடம் இல்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடையை மூடிவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது நகரியில். வீட்டில் எல்லோருக்கும் தறி. நைனாவின் பவர்லூமில் எனக்கு நூலைவிட மோட்டாரைத்தான் பிடித்தது. சித்தூரில் ஐடிஐ முடித்து, டைனமோ காயில் சுற்றும் கடையில் கொஞ்ச வருடம், லாரி ஷெட்டில் கொஞ்ச வருடம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஒயரிங் படத்தில் இங்கிலீஷ் என்று மூன்றையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன்.

ரேணிகுண்டா சாலையில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மன் பெயர் முனிரத்தினம். குப்பம் பக்கத்துச் சாந்திபுரத்துக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் வாயைத் திறந்தால்தானே. கிரீஸும் ஆயிலுமாகக் கிடக்கிற இடத்தில் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு நிற்பார். அந்தச் சட்டையில் நான் கறை பார்த்ததில்லை. நாம் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் திட்ட மாட்டார். ஒரு பழைய துணியை எடுத்துச் சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அது முடிகிற வரைக்கும் எதிரில் நிற்க வேண்டும். அதற்குள் நம் தப்பு நமக்கே ஞாபகம் வந்துவிடும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துகிற மனிதராக இருந்தால் திருப்பிக் கத்திவிட்டு லாரி ஷெட்டுக்கே ஓடியிருப்பேன். இவரிடம் அந்த வேலை நடக்கவில்லை.

நாடு கதவைத் திறந்துவிட்டு, பேர் வாயில் நுழையாத கம்பெனிக் கார்களெல்லாம் திருமலைக்குச் சாமி கும்பிட வந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் அப்படி ஒரு வண்டி நடுரோட்டில் நின்று, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பானெட்டைத் திறந்து ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தேடுகிறேன், தேடுகிறேன், காணோம். பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிளே போகவில்லை. ஒயர்தான் போகிறது. அவமானமாக இருந்தது. பத்து வருடம் வேலை செய்தவனுக்கு எஞ்சினின் கழுத்து எங்கே என்று தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப் பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் காற்று போகிற குழாயில் வட்டமாக ஒரு தகடு இருக்கும். அது திறந்தால் எஞ்சின் வேகமெடுக்கும், மூடினால் அடங்கும். தகடும் அதைச் சுற்றியுள்ள கூடும் சேர்ந்ததுதான் த்ராட்டில் பாடி. முன்பெல்லாம் நம் கால் கேபிளை இழுத்து நேராக அந்தத் தகட்டைத் திறந்தது. புது வண்டிகளில் கால் கம்ப்யூட்டரிடம் கேட்கிறது, கம்ப்யூட்டர் ஒரு குட்டி மோட்டாரை வைத்துத் தகட்டைத் திறக்கிறது. எவ்வளவு திறந்தது என்று பார்த்துச் சொல்ல இரண்டு சென்சார். ஒன்று போதாதா என்றால் போதாது. இரண்டு சாட்சி மாதிரி அவை. தகடு திறக்கத் திறக்க ஒன்றின் வோல்டேஜ் ஏறும், இன்னொன்றின் வோல்டேஜ் இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஐந்து வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஒரு சாட்சி பொய் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். இரண்டையும் நம்பாது. எஞ்சினை அடக்கி, வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, விளக்கை எரியவிடும். அந்த விளக்கைப் பார்த்து டிரைவர்கள் கடுப்பாவார்கள். உண்மையில் அது அவர்கள் உயிரைக் காக்கிற விளக்கு.

முனிரத்தினம் சார் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். அன்று முதல் ஒரு சட்டம் போட்டார். த்ராட்டில் வேலை எதுவானாலும், முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஆறு ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் அடங்க வேண்டும். எரிந்தால் ரேடியேட்டருக்கு மேலே இருக்கிற இரும்புப் பட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆறு கோடு விழாமல் வண்டி வெளியே போகக் கூடாது. சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு “நல்லா போகுது சார்” என்று போய் நின்றால் இரண்டே வார்த்தை சொல்வார்: “தீசி சூடு.” பிடுங்கிப் பார் என்று அர்த்தம்.

ஒரு முறை தமிழில் விளக்கமாகவே சொன்னார். “நல்லா இருக்கும்போது வண்டி எப்படி ஓடுதுன்னு கஸ்டமர் பாத்துக்குவான். கெட்டுப் போனா எப்படி நிக்கும்னு நாமதான் பாக்கணும். அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்.” நான் அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

பிறகு சில வருடத்தில் வந்த கம்பெனிகளில் ஒன்றிரண்டு சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டன. அவர்கள் விற்ற கார் மட்டும் நம் ஊரிலேயே தங்கிவிட்டது. உதிரி பாகம் கிடைக்காது. அப்போதுதான் வேறு வண்டியின் புது மாடல் த்ராட்டில் பாடியைப் பழைய கம்ப்யூட்டரோடு சேர்த்து வைக்கும் வேலை ஆரம்பித்தது. போல்ட் ஓட்டை பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு போடலாம். காற்று கசியாமல் பார்த்துக்கொண்டால் போதும். தலைவலியெல்லாம் அந்த இரண்டு சாட்சிகளால்தான். புது மாடலில் இரண்டு சென்சாரும் ஏறும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். அப்போது இரண்டாவது சென்சாரின் வோல்டேஜைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்க ஒரு சின்ன ஐசி, நாலைந்து ரெசிஸ்டர் வைத்து நானே போர்டு செய்தேன். கல்லூரி லெக்சரர் ஒருவருடைய காரில் முதலில் அதை மாட்டினோம். இரண்டு முறை சார் திருப்பி அனுப்பினார். என் போர்டுக்குப் போகிற கிரவுண்ட் ஒயரைப் பிடுங்கினால் விளக்கு எரியத் தாமதமானது, அவ்வளவுதான் குற்றம். லெக்சரர் தினமும் வந்து கத்தினார். சார் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை ஆறு கோடும் விழுந்தது. அன்று நான் சாப்பிட்ட பிரியாணி மாதிரி பிறகு எங்குமே சாப்பிட்டதில்லை.

அந்த ஒர்க்‌ஷாப் நிலைக்கவில்லை. முதலாளி இடத்தை லாட்ஜ் கட்டக் கொடுத்துவிட்டார். சாருக்கு வயதாகிவிட்டது, புது ஷோரூம்களில் அவரை யார் எடுப்பார்கள்? சாந்திபுரத்துக்கே திரும்பிப் போனார். நான் புத்தலப்பட்டில், சித்தூர் சாலையோரம் ஒரு ஷட்டர் பிடித்துக் கடை போட்டேன். சாக்பீஸ் டப்பாவையும் மறக்காமல் வாங்கி வைத்தேன்.

தேவராஜுலு அங்கேதான் எனக்குப் பழக்கம், தேவராஜு என்று கூப்பிடுவேன். பக்கத்து ஊர்க்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் அப்பா காலம் வரைக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலி. தேவராஜு வாடகை வண்டி ஓட்டப் பழகினான். அவன் பொண்டாட்டி கலாவதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அப்போது வீட்டுக்கு ஒரு பொம்பளை குவைத்தில் இருந்தாள் என்றே சொல்லலாம். ஆறு வருடம் அவள் அங்கே யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். அந்தச் சம்பளத்தில் இங்கே இரண்டு அறை வீடு கட்டினார்கள், ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்ரோல் கார் வாங்கினார்கள். கம்பெனி நாட்டைவிட்டுப் போய்விட்டதால் மலிவாகக் கிடைத்த கார். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கும் ஏர்போர்ட்டுக்கும் சவாரி அடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினான். த்ராட்டில் மோட்டாரின் பல் சக்கரம் தேய்ந்து போயிருந்தது.

“ணா, எப்படியாச்சும் வெள்ளிக்கெழமைக்குள்ள ரெடி பண்ணிக் குடு ணா. கலாவதி வந்துகினு கீறா. மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நான் போவணும்.”

“வேற வண்டி எட்த்துகினு போயேன்பா.”

“அவ சம்பாரிச்ச வண்டி ணா. இன்னும் கண்ணால கூடப் பாக்கல. இதுலதான் கூட்டியாரணும்.”

சென்னைக்கு ஆள் அனுப்பினேன். பழைய மாடல் எங்கும் இல்லை. வேறு கம்பெனியின் புது த்ராட்டில் பாடி ஒன்று கிடைத்தது. புதன் மாலை கைக்கு வந்தது. போல்ட் நாலும் சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தன. வியாழன் காலையில் மீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. முதல் சென்சார் ஒழுங்காக ஏறுகிறது. இரண்டாவது வேகமாக ஏறி, தகடு பாதி திறந்ததுமே உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த மாடலில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதன் சொந்தக் கம்ப்யூட்டருக்கு அது தெரியும். பழைய கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நான் வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்தாலும் பாதிக்கு மேல் மிதித்தவுடன் கணக்கு உதைத்தது. விளக்கு எரிந்து வண்டி நொண்டியது. காணிப்பாக்கம் ரோட்டில் நாலு தடவை ஓட்டினேன், நாலு தடவையும் நொண்டியது.

சரியான வழி ஒன்றுதான். அந்தப் பாடியைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு தேடியிருக்க வேண்டும். பத்து நாளாவது ஆகும். தேவராஜு என் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் கையையே பார்த்தான். முகத்தில் சவரம், தலையில் புது கட்டிங். ஆறு வருடம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன்.

அன்று சாயங்காலம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டாவது சென்சாரின் ஒயரை வெட்டி டேப் சுற்றி ஓரமாக விட்டேன். முதல் சென்சாரின் வோல்டேஜையே எடுத்து, ஒன்றை அப்படியே கொடுத்து, இன்னொன்றை என் போர்டில் தலைகீழாக்கிக் கொடுத்தேன். ஒரே சாட்சியை இரண்டு குரலில் பேசவைத்த மாதிரி. கூட்டினால் எப்போதும் ஐந்து வோல்ட் வரும். முதல் சாட்சி பொய் சொன்னாலும் ஐந்துதான் வரும். போர்டைச் சின்னப் பெட்டியில் வைத்து ரெசின் ஊற்றி மூடி, கறுப்பு டேப் சுற்றினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று.

ஒயர்களைப் பிடுங்கிப் பார்த்தேன். மோட்டார் ஒயர் இரண்டு, சப்ளை, கிரவுண்ட், முதல் சிக்னல். அடியோடு பிடுங்கினால் வோல்டேஜ் ஒரேயடியாக விழும் அல்லது ஏறும், அதைக் கம்ப்யூட்டர் பிடித்துவிடும்; ஐந்துக்கும் விளக்கு எரிந்தது. ஐந்து கோடு போட்டேன். ஆறாவதைப் பிடுங்க முடியாது, அதைத்தான் வெட்டிவிட்டேனே. சாக்பீஸை டப்பாவில் போட்டேன். பிறகு பட்டியைத் துணியால் துடைத்து ஐந்து கோட்டையும் அழித்துவிட்டேன்.

“தேவராஜு, இது டெம்பரரி. கலாவதியக் கூட்டியாந்து விட்டுட்டு ஒரு வாரத்துல வண்டிய வுட்டுட்டுப் போ. வேற பாடி வரவழைச்சு மாத்திடறேன்,” என்றேன்.

“சரி ணா, சரி ணா,” என்றான். என்ன ஆபத்து என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்துப் போயிருக்க மாட்டானோ என்னவோ. கலாவதியைக் கூட்டிக்கொண்டு வருகிற வழியில் கடை வாசலில் நிறுத்தி ஸ்வீட் பாக்ஸும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொடுத்தான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “நல்லாக் கீதுண்ணா வண்டி,” என்று சிரித்தாள்.

ஒரு வாரம் போயிற்று. நன்றாக ஓடுகிற வண்டியை யார் கொண்டுவந்து விடுவார்கள்? இரண்டு தடவை போன் போட்டேன். “சீசன் முடியட்டும் ணா,” என்றான். மூன்றாவது தடவை போடவில்லை. எனக்கும் வேலை இருந்தது. உண்மையைச் சொன்னால், மறந்துவிட வேண்டும் என்று விரும்பினேன், மறந்தும்விட்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம் செய்தி வந்தது. கலாவதி வீட்டு வாசலில் புளி காயவைத்திருக்கிறாள். தேவராஜு சவாரி முடித்து வந்து, சாக்கடைக் கல்மேல் வண்டியை ஏற்றி வாசலில் நிறுத்தப் பார்த்திருக்கிறான். வழிவிடுவதற்காக அவள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்கிறாள். கிளட்ச்சை விட்ட நேரத்தில் எஞ்சின் ஓவென்று கத்தி வண்டி பாய்ந்திருக்கிறது. அவளுடைய இடது காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. திருப்பதி பெரியாஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மோட்டார் வெகிகல் இன்ஸ்பெக்டரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். ஆக்சிடென்ட் ஆன வண்டியை அவர்தான் பார்த்து எழுதித் தர வேண்டும். ஸ்டேஷன் வாசலில் அவருக்கு உதவியாக ஒரு மெக்கானிக் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார்கள். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், நன்றாகப் பிடித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒழுங்காக ஓடியது. விளக்கு எதுவும் எரியவில்லை. என் ஸ்கேனரைச் சொருகிக் காட்டினேன், ஒரு கோளாறும் பதிவாகவில்லை. பானெட்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய என் பெட்டி அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“பிரேக்குனு நெனச்சு ஆக்ஸிலரேட்டர மெதிச்சிருப்பான். டெய்லி பாக்கறேன்,” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிரைவரின் தவறு. வண்டியில் பழுது இல்லை.

தேவராஜு அங்கேதான் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். அவர் சொன்னது அவன் காதில் விழுந்தது. தன் வலது காலைக் குனிந்து பார்த்தான்.

வண்டியை அவன் என் கடைக்கே அனுப்பினான். விற்றுவிடச் சொல்லி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தேன். த்ராட்டில் கனெக்டருக்குள் மழைத் தண்ணீர் இறங்கி முதல் சிக்னல் பின் பச்சை பூத்திருந்தது. மீட்டரை வைத்துக்கொண்டு கனெக்டரை லேசாக அசைத்தால் வோல்டேஜ் இறங்கியது. தகடு நன்றாகத் திறந்திருக்கும்போதே, கொஞ்சம்தான் திறந்திருக்கிறது என்று சென்சார் பொய் சொன்னது. கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் திற, இன்னும் திற என்று மோட்டாரை ஓட்டியது. இரண்டாவது சாட்சி உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விளக்கு எரிந்து எஞ்சின் அடங்கியிருக்கும். அதன் வாயைத்தான் நான் டேப் சுற்றி அடைத்துவிட்டேனே. தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் ரயிலேறிக் குப்பத்தில் இறங்கி சாந்திபுரம் போனேன். முனிரத்தினம் சார் மாட்டுக் கொட்டகையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அதே வெள்ளை முழுக்கைச் சட்டையோடு. ஒரு ஆக்சிடென்ட் சார், நான் செய்த த்ராட்டில் வேலை, என்று மட்டும்தான் ஆரம்பித்தேன்.

“ஏ வைரு தீயலேது?” என்றார். எந்த ஒயரைப் பிடுங்கவில்லை?

சொன்னேன். துணி எதுவும் இல்லாமலே விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டார். கட்டைவிரலுக்கு வந்ததும், “அந்தப் பையன்கிட்டப் போய்ச் சொல்லிடு. இன்னைக்கே சொல்லிடு. அவனுக்கு அவன் கால்மேல சந்தேகம் வந்துடும்,” என்றார்.

நான் சொல்லவில்லை. ஒன்பது வருடம் சொல்லவில்லை. காரணம் கேட்டால் நிறைய வைத்திருந்தேன். என் பையன் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான், கடைப் பெயர் கெட்டுவிடும், போலீஸ் கேஸ் ஆகும், சொன்னால் மட்டும் கால் முளைக்குமா. எல்லாம் வெத்துப் பேச்சு. பயம்தான். சார் எப்போது போனில் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: “செப்பினாவா?” சொன்னாயா? முதல் இரண்டு தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை, “செப்பினானு சார்,” சொல்லிவிட்டேன் சார், என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தேவராஜு ஸ்டீயரிங்கைத் தொடுவதை நிறுத்திவிட்டான். சைக்கிள்தான் ஓட்டினான், டிவிஎஸ் வண்டிகூட ஓட்டமாட்டான். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. கலாவதிக்கு ஜெய்ப்பூர் கால் வைத்தார்கள். திரும்பவும் குவைத்துக்குப் போக வேண்டியதில்லை என்று வந்தவள், இப்போது போக நினைத்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரு தடவை சித்தூர் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. அவனே பேசினான்.

“ணா, படுத்துனு இருக்கும்போது இந்தக் கால் தானா அசையும் பாரு. அப்ப எழுந்து குந்திக்குவேன். எந்தப் பக்கம் போயி எத மெதிக்கும்னு பயமாக் கீதுணா. அவ ஒண்ணும் சொல்றதில்ல. அவ நல்லவ.”

அந்தப் பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் போதும். எனக்கு முன்னாலேயே அவன் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டான்.

சார் போன வருடம் காலமானார். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். காரியத்துக்குப் போய்த் திரும்பும்போது, இனி என்னைக் கேட்கவும் ஆளில்லை, பொய் சொல்லவும் ஆளில்லை என்று தோன்றியது. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேவராஜு வீட்டுக்குப் போனேன்.

அவன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கலாவதி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்கண்ணா, காபி குடிக்கிறீங்களா?” என்று அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். இரண்டாவது ஒயரை வெட்டியது, பின்னில் பச்சை பூத்தது, இன்ஸ்பெக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். கடைசியில், “உன் கால் ஒண்ணும் பண்ணல தேவராஜு. நான்தான் பண்ணேன்,” என்றேன்.

காற்றடிக்கிற பம்பைப் பிடித்தபடியே நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி அவளைப் பார்த்தான்.

“ஏ கலாவதி... அப்ப நீ சொன்னது?”

அவள் மடியிலிருந்த கீரையை முறத்தில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள்.

“சாக்கடைக் கல்லப் பாக்கறதுக்குன்னு இவரு கதவத் தொறந்து வச்சினுதாண்ணா வண்டிய ஏத்தினாரு. நான் அந்தப் பக்கந்தான் நின்னுகினு இருந்தேன். பிரேக்குமேல எழுந்து நின்னாரு மனுசன். கண்ணால பாத்தேன். ஆஸ்பத்திரியில முழிப்பு வந்தவொடனே அதத்தான் சொன்னேன். ஒன் கால் இல்லய்யா, நீ பிரேக்கதான் மெதிச்சேன்னு. ஒன்பது வருசமா தெனைக்கும் சொல்லினு கீறேன்.”

“நான் இவ என்னச் சமாதானம் பண்றான்னு நெனச்சேன் ணா,” என்றான் தேவராஜு. “இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரு, கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லுது. என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றான்னே நெனச்சேன். நிறுத்துடி ஒன் பொய்யன்னு ஒரு நாள் கையக்கூட ஓங்கிட்டேன்.”

கலாவதி என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“கால் போனது போவட்டும்ணா. எம்மாம் பேருக்கோ போவுது. நான் நெஜத்தச் சொல்லினு இருந்தேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே.”